மாமா தோட்டத்துக்குப் போகலாமா? – கேள்வி பதில்

பள்ளி விடுமுறைக்கு உறவினர் தோட்டத்துக்குப் போன கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கதைப் போட்டிக்கு அனுப்புங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தோம். களம்: கேமரன் மலையில் ரிங்லெட்டுக்குக் கீழே இருக்கும் லெம்பா பெர்த்தாம். கதைகள் கொஞ்சம்தான் வந்தன. கேள்விகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிட்டன. அதனால் இந்த மாதம் மூட்டை பிரிக்கும் வேலை.

ஒரு தாய், கிள்ளான்
கேள்வி: என் மகனை லெம்பா பெர்த்தாமில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் நகைச்சுவைக் கதை எழுதிவிடுவானா?

பதில்: அவன் எழுதுவானோ இல்லையோ, அவனைப் பற்றிய கதை உங்கள் அண்ணன் வீட்டில் கண்டிப்பாகத் தயாராகிவிடும்.

தமிழாசிரியை, ஈப்போ
கேள்வி: பட்டணத்துப் பிள்ளை தோட்டத்துக்குப் போகும் கதையில் சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும்?

பதில்: யார் வழுக்கி விழப்போகிறார் என்பதை எழுத உட்காரும்போதே முடிவு செய்துவிடச் சொல்லுங்கள். வந்தவன் விழுந்தால் நகைச்சுவை. சோறு போடுகிற வீட்டுக்காரர் விழுந்து, வந்தவன் கைகொட்டிச் சிரித்தால் அது கேலி. மாமாவுக்கு ஆங்கிலம் வராது, அத்தைக்குப் பீட்சா தெரியாது என்று எழுதிய கதைகள் பல வந்தன. எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம்.

ஒரு சிறுமியின் கதை மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை. அத்தை அவளை முள்ளங்கி பறித்து வரச் சொல்கிறாள். இவள் பாத்தி முழுக்கத் தேடுகிறாள், இலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள், வெறுங்கையோடு திரும்பி வந்து, 'இன்னும் காய்க்கலை அத்தை' என்கிறாள். அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடியில் வளர்ந்த பிள்ளைக்கு முள்ளங்கி எந்தப் பக்கம் வளரும் என்று எப்படித் தெரியும்? கதை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு மாணவன், ஷா ஆலாம்
கேள்வி: மாமா வீட்டுச் சேவல் நடு இருட்டில் கூவுகிறது. அதற்கு மணி பார்க்கத் தெரியாதா?

பதில்: உன்னைவிட நன்றாகவே தெரியும், தம்பி. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை நாள் முழுக்க மங்கலான ஒரே வெளிச்சத்தில் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். விடிவது தெரியாமலேயே அவை விடிகிற நேரத்தை ஒட்டிக் கூவின. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 2013இல் அறிவித்தார்கள். வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு முன்பே அது தொடங்கிவிடும். நம் ஊரில் 7 மணிவாக்கில் விடிகிறது. ஆகவே 5 மணிக்கே கச்சேரி.

அதே குழு 2015இல் இன்னொன்றும் சொன்னது. கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி பின்னால் கூவும். தாத்தா பசியாற உட்காரும்வரை யாரும் தட்டில் கை வைக்காத வீடு மாதிரி. நாளைக்குக் காது கொடுத்துக் கேள். முதல் குரல் யாருடையது என்று கண்டுபிடித்தால் கதாநாயகன் கிடைத்துவிடுவான்.

ஒரு தந்தை, பெட்டாலிங் ஜெயா
கேள்வி: தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். என்ன செய்யலாம்? கதையில் இதைச் சேர்க்கலாமா?

பதில்: அந்தச் சாலை 1931இல் முடிந்தது. மலையை வெட்டி நேராக்காமல், மலை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து ஏறியிருக்கிறார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கைப்பேசியில் பதிந்த கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இருவர் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு முன்னால் ஓடும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தி முகம் கழுவ விடுங்கள்.

கதையில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் வாந்தி எடுப்பவர், 'இதெல்லாம் ஒரு வளைவா' என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்த அப்பாவாக இருக்கட்டும். ஒரு சிக்கல் உண்டு: வண்டி ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவது அபூர்வம். அடுத்த வளைவு அவர் கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகவே பாதி மலையில் வண்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பின்னிருக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

கல்லூரி மாணவி, சிரம்பான்
கேள்வி: சித்தப்பாவின் தோட்டத்துக்கு வழி தேடினால் கைப்பேசி வரைபடம் ஒரு மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்கிறது!

பதில்: அந்த மலைக்கு அது பரம்பரைப் பழக்கம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பார்த்ததாக எழுதிவைத்தார். வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் தேடி அலைந்தார்கள். அத்தனைக்கும் பெயர் அவருக்குத்தான் கிடைத்தது. காலம் காலமாக அங்கேயே வாழ்ந்த செமாய் மக்களைக் கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்கள். நீங்களும் கடைத்தெருவில் இறங்கி, 'சித்தப்பா தோட்டம் எங்கே' என்று கேளுங்கள். பெயர் சொன்னால் போதும்.

வாசகர், சென்னை
கேள்வி: கேமரன் மலை நம் ஊட்டி மாதிரியா?

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கேமரன் மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். லெம்பா பெர்த்தாம் இன்னும் கீழே. உங்களுக்குப் பழகிய ஊரில் சொல்வதென்றால், வால்பாறையின் உயரத்துக்குப் பக்கத்தில் வரும். சுவெட்டர் ஒன்று போதும். பனிமனிதன் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுத் தவித்த ஒரு தாத்தாவின் கதை ஏற்கெனவே வந்துவிட்டது.

ஐந்தாம் ஆண்டு மாணவி, கிள்ளான்
கேள்வி: மாமாவின் லேண்ட் ரோவர் என் அம்மாவைவிட மூத்தது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். இதைக் கேலி செய்து எழுதலாமா?

பதில்: வேண்டாம், தோற்றுப்போவாய். லேண்ட் ரோவர் 1948இல் முதன்முதலாக வந்ததே விவசாயிகளை நம்பித்தான். உலகம் முழுக்க அது பணக்காரர் வாகனமாகிவிட்ட பிறகும், கேமரன் மலையில் பழைய வண்டிகள் முட்டைக்கோஸ் சுமந்துகொண்டு சேற்றில் ஏறி இறங்குகின்றன. அரை நூற்றாண்டு பழைய வண்டியும் அங்கே ஓய்வு கேட்பதில்லை. கதையை இப்படித் திருப்பு: உங்கள் அப்பாவின் பளபளக்கும் புதுக் கார் சேற்றில் புதைகிறது. அதை இழுத்துப் போடக் கயிறு வேண்டும். மாமா தன் வண்டிக் கதவை அவிழ்க்கிறார்.

பாட்டி, ரிங்லெட்
கேள்வி: பேரப்பிள்ளைகள் கூடையை மாட்டிக்கொண்டு நாலு கொழுந்து பறிக்கிறார்கள், நாற்பது படம் எடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பதில்: சிரித்துக்கொண்டே ஒரு கணக்கும் போடச் சொல்லுங்கள், பாட்டி. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்ததை வாடவிட்டு, உருட்டி, காற்றுப் படவைத்து நிறம் மாறிய பின் உலர்த்தும்போது தண்ணீரெல்லாம் போய்விடும். பேரன் பறித்த நாலு கொழுந்தில் ஒரு கோப்பைத் தேநீர்கூடத் தேறாது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளிய உங்கள் காலம் போய், இப்போது சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வெட்டிய செடி சுமார் மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்து நிற்கிறது. பேரனிடம் நிறுவைக்காரர் குரலில், 'இவ்வளவுதானா? அரை நாள் பேர் போட்டுடறேன்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவன் முகம் போகிற போக்கை மட்டும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

வாசகர், சுங்கை சீப்புட்
கேள்வி: இந்தத் தேயிலைத் தோட்டங்களை யார் தொடங்கியது? கதைக்குப் பின்னணி வேண்டும்.

பதில்: ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஆட்கள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை. இவற்றை வைத்துக்கொண்டு காட்டைத் திருத்தியதாகத் தோட்டத்து வரலாறு சொல்கிறது. 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. வேலைக்கு மலை ஏறிய ஆட்களில் நம்மவர்கள் நிறைய. தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆகவே உங்கள் கதையில் வரும் கொள்ளுத்தாத்தா கங்காணி கூட்டிவந்து மலை ஏறியவர் என்றால், அவர் கப்பலேறிய ஆண்டை அதற்குமுன் வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றை வாத்தியார் குரலில் சொல்லாமல் கோவேறு கழுதையின் வாயால் சொல்லவைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள். நீராவி உருளையைப் பார்த்து, 'எனக்குக் கொள்ளு, இவனுக்கு மட்டும் விறகா' என்று அது முதல் பக்கத்திலேயே முறைத்துக்கொள்ளட்டும்.

நான்காம் ஆண்டு மாணவன், தைப்பிங்
கேள்வி: அட்டை கடித்தால் செத்துப்போவோமா?

பதில்: மாட்டோம். பிடித்து இழுக்காமல், அது ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளு, விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சரக்கைச் சேர்த்துவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும், பிறகு அரிக்கும். அவ்வளவுதான். விருந்தாளிக்கு விருந்து வைப்பவள் அத்தை. விருந்தாளியையே விருந்தாக்குவது அட்டை. எழுதும்போது எழுத்து மாறிவிடாமல் பார்த்துக்கொள்.

இல்லத்தரசி, சுபாங்
கேள்வி: மலைக்காற்றைச் சுவாசிக்கக் கார்க் கண்ணாடியை இறக்கினேன். குப்பென்று அடித்த வாடையில் உடனே ஏற்றிவிட்டேன். அது என்ன?

பதில்: கோழிச் சாணம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் அதுதான் முக்கியமான எரு. நீங்கள் பட்டணத்தில் 'ஃபிரெஷ்' என்று வாங்கும் கீரையின் பூர்வாசிரமம் அது.  இரண்டு நாளில் மூக்கு பழகிவிடும். பழகாத மூக்குக்காரர் கதைக்கு உதவுவார்.

ஐந்தாம் ஆண்டு மாணவன், கோலாலம்பூர்
கேள்வி: லயத்து ஆடு என் வீட்டுப்பாடத்தைத் தின்றுவிட்டது. உண்மை. ஆசிரியர் நம்ப மறுக்கிறார்.

பதில்: அறிவியல் உன் பக்கம். ஆடு புதுப் பொருள் எதையும் உதட்டால் தடவி, வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். காகிதம் மரநாரிலிருந்து வந்தது. நார்ப்பொருளைச் செரிக்க அதன் வயிற்றில் நாலு அறைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு சந்தேகம். கணக்குப் பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு ஓவியப் பக்கத்தை விட்டுவைத்த ஆடு எந்த இனம்?

எழுத்தாளர், பினாங்கு
கேள்வி: தோட்டத்தில் குழந்தை காணாமல் போவதாகக் கதை எழுதலாமா?

பதில்: ஐந்து நிமிடம் மட்டும். கேமரன் மலையில் 'காணோம்' என்ற பேச்சுக்குக் கனம் அதிகம். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் உலகப் பெயர் வாங்கிய ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தானா ராத்தாவில் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனார். பெரிய படையே தேடியது. இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் கதைக் குழந்தையை ஸ்ட்ராபெரி அடுக்குகளுக்குப் பின்னால், வாயெல்லாம் சிவப்பாகக் கண்டுபிடித்துவிடுங்கள். அத்தையிடம் சொல்லாமல் காட்டுப்பக்கம் போகக் கூடாது என்பது நிஜப் பிள்ளைகளுக்கு.

ஒரு தாய், ரவாங்
கேள்வி: லெம்பா பெர்த்தாமில் ஆற்றில் விளையாடலாமா?

பதில்: இந்தப் பதிலில் சிரிப்பு இல்லை. பள்ளத்தாக்குக்கு மேலே ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. 2013 அக்டோபர் 23 அன்று இருட்டோடு, கனமழையில் நிரம்பிய அணையின் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு ஊருக்குள் வந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. மேலே மழை பெய்வது கீழே விளையாடும் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டுக்காரர்கள் 'இறங்காதே' என்றால் இறங்காதீர்கள். எச்சரிக்கை ஒலி கேட்டால் செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவி, மெந்தகாப்
கேள்வி: அந்த அணைத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது?

பதில்: பகாங்கில் பிறந்து, பேராக்குக்கு வேலைக்குப் போகிறது. ஆறு தன் போக்கில் விட்டால் கிழக்கே பகாங் ஆற்றில்தான் சேரும். ஆனால் அணையில் பிடித்த தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மேற்கே, பேராக் பக்கமுள்ள மின்நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீர் ஊர் திரும்புவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரைப் போல.

ஆய்வு மாணவர், மதுரை
கேள்வி: தோட்டம் என்றாலே துயரம்தானே? பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவலும், இரா. முருகவேள் அதைத் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'ம், பாலாவின் 'பரதேசி' படமும் காட்டிய உலகத்தில் சிறுவர் நகைச்சுவைக்கு என்ன இடம்?

பதில்: நியாயமான கேள்வி. அந்த நாவல் வால்பாறைப் பக்கத்து மலைத் தோட்டங்களின் கொடுமையைச் சொன்னது, 1969இல் வந்தது. அந்த வரலாற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டி மறைக்கக் கூடாது. ஆனால் லயத்தில் பிறந்தவர்களிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நேரமாகிவிட்டது என்று இருட்டில் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியவள் கதை, துரையின் நாயைத் துரை என்று நினைத்துக் கும்பிட்டவர் கதை என்று அவர்களே வயிறு குலுங்கச் சொல்வார்கள். துயரப்பட்டவர்கள் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று வெளியில் இருப்பவர்கள்தான் நினைக்கிறார்கள்.

இங்கேயும் பழைய விதிதான். தொழிலாளியைப் பார்த்துச் சிரித்தால் கதை கெட்டது. தொழிலாளி நம்மைப் பார்த்துச் சிரித்தால் கதை பிழைத்தது. ஒரு பாட்டி தன் பேத்தியிடம், 'உன் ஆத்தா உன் வயசுல முப்பது கிலோ தூக்குனா. நீ பள்ளிக்கூடப் பையைத் தூக்க டயர் வச்சிருக்கே' என்று சொன்னால், அந்தப் பேத்தி சிரித்துவிட்டு அன்று இரவு கொஞ்சம் யோசிப்பாள். துயரமும் உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

முன்னாள் மண்டோர், ஹாபு
கேள்வி: இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டார். கதைகளில் மட்டும் எல்லாரும் தமிழ்ப் பாட்டிகளாக இருக்கிறார்களே?

பதில்: சரியான இடத்தில் தட்டினீர்கள், ஐயா. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று மூன்று நாட்டு இளைஞர்கள் இல்லாமல் இன்று அந்த மலையில் கொழுந்தும் இறங்காது, கோசும் ஏறாது. அவர்கள் கதைக்குள் வரட்டும். அரைகுறை மலாயில் பேசும் பட்டணத்துப் பையனுக்கு, ஆறே மாதத்தில் மலாயும் கொஞ்சம் தமிழும் பிடித்துவிட்ட வங்காளதேச அண்ணன் ஒருவன் பேசக் கற்றுக்கொடுக்கட்டும். யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று பிள்ளைகள் கொஞ்சம் குழம்புவது நல்லது. நம் கொள்ளுத்தாத்தா இறங்கிய கப்பலும் அப்படித்தான் ஒரு நாள் கரை சேர்ந்தது.

வாசகி, ஜொகூர் பாரு
கேள்வி: மாமா இத்தனை காலம் உழைத்த நிலம் அவர் சொந்தமில்லையாமே?

பதில்: கேமரன் மலைக் காய்கறி விவசாயிகள் பலர் நெடுங்காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்துவந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு நட்டால் அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்ற கவலை விதையோடு சேர்ந்தே விழுந்துவந்தது. 'மாமா ஏன் இன்னும் பலகை வீட்டிலேயே இருக்கிறார், கல்வீடு கட்டக் கூடாதா' என்று பிள்ளை கேட்டால், கருமி என்று சொல்லிவிடாமல் இதைச் சொல்லுங்கள்.

பதிப்பாளர், சிங்கப்பூர்
கேள்வி: வெளிநாட்டுக் கதைகளில் இந்த வகைக்கு முன்மாதிரி உண்டா?

பதில்: இரண்டு போதும். யொஹானா ஸ்பைரியின் 'ஹைடி' 1880இல் தொடங்கியது. அதில் மலைச்சிறுமி பட்டணத்துக்குப் போய்த் திணறுகிறாள், பிறகு பட்டணத்துக் கிளாரா மலைக்கு வருகிறாள். போக்கும் வரவும் இரண்டும் உண்டு. நம் கதைகளில் பட்டணம் மட்டும்தான் பயணம் போகிறது. லெம்பா பெர்த்தாம் மாமா கோலாலம்பூர் வந்து, பேரங்காடியில் முட்டைக்கோஸ் விலையைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் கதையை யாராவது எழுதுங்கள்.

இன்னொன்று, ஈ.பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. பேசும் சிலந்தியைப் படைத்தவர், முதலில் தன் பண்ணைச் சிலந்திகளைப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் எழுதினார். பன்றியைப் பேசவைக்கலாம், ஆனால் அதற்கு எப்போது பசிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தலைமையாசிரியர், தஞ்சோங் மாலிம்
கேள்வி: கதை முடிவில் நீதி வேண்டாமா?

பதில்: கதைக்குள் கரைந்திருந்தால் வேண்டும். கடைசி வரியில் கையில் பிரம்போடு வந்து நின்றால் வேண்டாம். அழ. வள்ளியப்பாவைக் குழந்தைக் கவிஞர் என்று தமிழுலகம் கொண்டாடியது, அவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல் கூட விளையாடியதால்தான்.

இளம் எழுத்தாளர், பந்திங்
கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்களே ஒரு கதை எழுதிக் காட்டுங்களேன்!

பதில்: சவாலா? பிடியுங்கள்.

'மாமா தோட்டத்துக்குப் போனோம். அப்பா புது வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். மாமா ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். "வேணாம் மச்சான், நான் பார்த்துதான் நடப்பேன்" என்றார் அப்பா.

அப்பா பார்த்துதான் நடந்தார். முதலில் இடது சப்பாத்து சேற்றுக்குள் போனது. அதை எடுக்கக் குனிந்தார், சட்டைப்பையிலிருந்த கைப்பேசி உள்ளே போனது. கைப்பேசியைத் துழாவினார், அப்பாவே உள்ளே போனார்.

மாமா சிரிக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி நின்று, "நேத்துதான் அங்க கோழிச் சாணம் கொட்டினோம்" என்றார்.

அப்போது சேற்றுக்குள் மணி அடித்தது. பாட்டி திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்: "டேய், யாரோ முட்டைக்கோசுக்குப் போன் பண்றாங்க. எடுத்துப் பேசு!"'

சேறு, சப்பாத்து, சாணம் எல்லாம் சாமான்கள்தான். கதையைத் தூக்கி நிறுத்துவது மாமாவின் ஒரு வரி. அவர் சிரித்திருந்தால் படிக்கிறவர் சிரிக்கமாட்டார்.

நான்காம் ஆண்டு மாணவி, ரிங்லெட்
கேள்வி: நான் இங்கேயே இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். நான் எப்படிப் பயணக் கதை எழுதுவது?

பதில்: உனக்குத்தான் யோகம். அவர்கள் வந்து இறங்கும்போது வாசலில் உட்கார்ந்து, முதல் பத்து நிமிடம் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுது. குளிர் குளிர் என்று கத்துவது, சிக்னல் தேடிக் கூரை மேல் ஏறுவது, ஆட்டைப் பார்த்து 'கடிக்குமா' என்று கேட்பது. கற்பனையே தேவைப்படாது.

நான்கு பிள்ளைகளின் தந்தை, செர்டாங்
கேள்வி: கதைப் போட்டிக்குப் பெற்றோர் கொஞ்சம் உதவலாமா?

பதில்: அஞ்சல்தலை ஒட்டலாம். கதைக்குள் கை வைத்தால் கண்டுபிடித்துவிடுவோம். 'இயற்கை அன்னையின் மடியில் தவழும் எழில்மிகு கேமரன் மலை' என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. 'அங்க கக்கூஸ் தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு' என்று எழுதும். பரிசு அந்த வரிக்குத்தான்.